பின்சீட்டின் இடது மூலை

என் தங்கச்சியின் கல்யாணத்துக்கு நான் போகலாமா கூடாதா என்பதை ஒரு காரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். அப்படித்தான் நடந்தது. முடிவு செய்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இல்லை. சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு, ஆளுக்கொரு டிகிரியோ டிப்ளமாவோ வைத்துக்கொண்டு, தினமும் இங்கிலீஷ் பேப்பர் படித்த மனிதர்கள். அந்தக் கும்பல் மேல் எனக்கு அன்றைக்கு வந்த இளக்காரம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அறுபதுகளின் கடைசி அது. விருத்தாசலத்தில் அண்ணன் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானும் தங்கச்சியும் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டோம். தங்கச்சி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு பிஸிக்ஸ் சொல்லிக் கொடுத்தவள் நான். தலை பின்னிவிட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து, வயசுக்கு வந்த அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் நான்தான். எனக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. ஒருத்தர் வேலையை விடச் சொன்னார், ஒருத்தர் என் பல்லைக் குறை சொன்னார், அவர் பல்லை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. என் தங்கச்சியை மணவறையில் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை.

கார் எங்கள் வீட்டுக்கு வந்த கதையே ஒரு கூத்து. நெய்வேலிப் பக்கம் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் சின்னக் காரை விற்றுவிட்டுப் போனார். அதை அண்ணன் வாங்கினார். நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அதுவரை யாரிடமும் கார் கிடையாது. எல்லா வீட்டிலும் இருந்தது, கைப்பிடி கோணிப்போனதால் விற்காமல் ஒதுக்கிய கப்புகள்தான். கார் வந்த நாளிலிருந்து அண்ணன் நடக்கிற தினுசே மாறிவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்கும் காரில்தான் போவார். ஆனால் வேறு யாரையும் ஏற்றமாட்டார், சீட்டு அழுக்காகிவிடுமாம். தள்ளுவதற்கு மட்டும் நண்பர்களைக் கூப்பிடுவார்.

பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருந்தது. அந்தக் காருக்கு அப்படி ஒரு அமைப்பு. வந்த கொஞ்ச நாளிலேயே பழைய பேட்டரி உயிரை விட்டது. அண்ணன் அதே அளவில் வாங்கவில்லை. "சின்னது எதுக்கு, பெருசாவே போடுவோம், வண்டி சும்மா சிங்கம் மாரி நிக்கும்" என்று ஒரு பெரிய பேட்டரியை வாங்கிவந்து, அடித்தகடு துருப்பிடித்திருக்கிறது என்று கீழே ஒரு மரப்பலகையும் கொடுத்து வைக்கச் சொன்னார். நல்லது எது என்று கேட்டால் பெரியது எது என்று பார்ப்பது அவர் பழக்கம்.

முன்சீட்டு அண்ணியுடையது. அண்ணி வராத நாளிலும் அது அண்ணியுடையதுதான். தினமும் காலையில் அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார், நான் பின்னால்தான் உட்கார வேண்டும். பின்னால் வலப்பக்கக் கதவு திறக்காது. ஆகவே இடப்பக்கம் ஏறி, ஏறின இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். அந்த மூலையில் என்னைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பெரிய பேட்டரி போட்ட பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அண்ணன் சாவி போட்டு, முன்னால் இருக்கும் குமிழை இழுப்பார். அதை இழுத்தால் செல்ஃப் மோட்டார் சுற்றி இன்ஜின் கிளம்ப வேண்டும். சில நாள் ஒரே இழுப்பில் கிளம்பும். சில நாள் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், இன்ஜின் மட்டும் அசையாது. கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் நண்பர்கள் வந்து பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணி டீ போட்டுப் போட்டு ஓய்ந்துபோவாள். சூளைப் பிரிவுக்காரர் எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம் என்பார். அவருக்குத் தெரிந்தது சூளை ஒன்றுதான், பல்வலிக்கும் அதையேதான் சொல்வார். அக்கவுன்ட்ஸ்காரர் காரின் நம்பரைக் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை சரியில்லை என்றார். இன்னொருவர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று டாங்கிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் பெட்ரோலுக்கு அங்கே என்ன வேலை என்று நான் ஜன்னலில் இருந்து கேட்டேன். "நீ போயி பரீட்சை பேப்பரத் திருத்தும்மா" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஓம் விதி ஞாபகம் இருந்திருக்காது.

ஜங்ஷன் ரோட்டில் பஸ் லாரிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அண்ணன் காரை ஓட்டிக்கொண்டு அவரிடம் போவார். அங்கே போனால் கார் நல்ல பிள்ளை மாதிரி ஒரே இழுப்பில் கிளம்பும். அவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டினார், ஸ்விட்சை மாற்றினார், வயரை மாற்றினார். பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட்டு, பழையபடி அதே பலகை மேல் வைத்து, சீட்டைப் போட்டு மூடினார். ஒவ்வொரு தடவையும் "இனிமே பிரச்சன இல்ல சார்" என்றார். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் ஓடும். அப்புறம் ஒரு காலையில் டிக்.

கண்டுபிடித்தது அண்ணிதான். வாசலில் நின்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தாளே. டிக் சத்தம் கேட்டதும் எனக்கு நேரமாகிறது என்று நான் இறங்கி நடப்பேன். நான் தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கும். அண்ணன் என்னைத் தாண்டிப் போவார், நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்று பயந்து நிறுத்தாமலே போவார். இது பல தடவை நடந்தது. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி அண்ணனிடம் அடுப்படியில் இருந்தே சொன்னாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. அவ ஏறுனா நிக்குது, அவ எறங்குனா கெளம்புது. நீங்களே யோசிச்சிப் பாருங்க."

அண்ணன் யோசித்தார். யோசிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "சும்மா இரு" என்று அவர் அண்ணியை அதட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் என்னைப் பார்த்தார், பிறகு சாப்பாட்டைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூளைப் பிரிவுக்காரருக்கும் அக்கவுன்ட்ஸ்காரருக்கும் விஷயம் போய்விட்டது. அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. பானெட்டுக்குள் தலையை விட்டுக் கஷ்டப்பட வேண்டியதில்லை அல்லவா? எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பூசணிக்காய் உடைத்த மறுநாள் நான் ஏறினேன், கார் கிளம்பியது. அதற்கடுத்த நாள் நின்றது. பூசணிக்காயின் சக்தி ஒருநாளைக்குத்தான் என்று அக்கவுன்ட்ஸ்காரர் கணக்குப் போட்டார்.

எப்போதுமே நிற்கிற கார் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எப்போதுமே ஓடுகிற கார் என்றாலும் இல்லை. விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால்தான் மனிதர்களுக்கு வாய் நீளும். கிளம்பினால் பூசணிக்காய், நின்றால் நான். இப்படி ஒரு வசதியான ஏற்பாட்டை எந்த முட்டாள் விட்டுக்கொடுப்பான்?

நான் அலட்சியமாகத்தான் இருந்தேன். காரில் ஏறாமல் நடந்தே போனால் எனக்கென்ன நஷ்டம்? ஆனால் அதற்குள் தங்கச்சிக்குச் சேத்தியாத்தோப்பில் இடம் அமைந்தது. நெல் விளைகிற நல்ல குடும்பம், பையன் அரசாங்க வேலை. நிச்சயம் எங்கள் வீட்டில் நடந்தது. அன்று காலையில் எனக்கும் அண்ணிக்கும் வாக்குவாதம். தாம்பூலத் தட்டை நான் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று அண்ணி சொன்னாள். நானும் சும்மா விடவில்லை. எல்லாம் முடிந்து, மாப்பிள்ளையின் தாய்மாமனை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். காரைக் காட்ட வேண்டும் என்று அண்ணனுக்கு அரிப்பு. தாய்மாமன் முன்சீட்டில், அண்ணி எனக்கு முன்னால் பின்சீட்டில் ஏறி நகர்ந்து வலப்பக்கம், நான் என் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து, யாரோடும் பேசாமல்.

டிக்.

அண்ணன் மறுபடி இழுத்தார். டிக். தாய்மாமன் துண்டால் விசிறிக்கொண்டார். அண்ணி என் பக்கம் திரும்பி, அந்த மனுஷர் காதில் நன்றாக விழும்படி, "நீ கொஞ்சம் எறங்கு, வண்டி கெளம்பட்டும்" என்றாள். நான் இறங்கினேன். கதவைச் சாத்தினேன். அண்ணன் குமிழை இழுத்தார், கார் கிளம்பியது. தாய்மாமன் ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஏதோ கால் முளைத்த கெட்ட சகுனத்தைப் பார்க்கிற பார்வை. கார் போய்விட்டது.

நாலைந்து நாளில் சேத்தியாத்தோப்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். தாலி கட்டி முடிகிற வரைக்கும் பெண்ணின் அக்கா அங்கே இருக்க வேண்டாம், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சொந்த வீடு மாதிரி என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்களாம். சொந்த வீடு மாதிரியாம்! அண்ணனிடம் நேராகப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"நான் என்னாத்த சொல்றது? அந்தாளு கண்ணால பாத்துட்டுப் போயிருக்காரு."

"காரு நின்னதுக்கு நான் காரணம்னு நீங்களும் நம்புறீங்களா?"

"நான் நம்புறேனா இல்லையாங்கறது வேற. மொதல்ல காரு சரியாவட்டும். காருலதான் கோளாறுன்னு தெரிஞ்சிபோச்சுன்னா இந்தப் பேச்சே இல்ல. நானே அவங்ககிட்ட பேசி உன்ன அழச்சிக்கிட்டுப் போறேன். போதுமா?"

இதைச் சொன்னது என் அண்ணன். வாக்குக் கொடுத்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு முதல் தடவையாக அந்தக் காரைப் பற்றி ஒழுங்காக யோசித்தேன். அதுவரை இவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரித்ததோடு சரி. இவர்கள் சொல்கிற காரணம்தான் அபத்தம், பார்த்தது அபத்தம் இல்லையே. நான் ஏறினால் நிற்கிறது, இறங்கினால் கிளம்புகிறது. அது நிஜம்தானே? அப்படியானால் நான் ஏறுவதால் காரில் என்ன மாறுகிறது? என் ராசி மாறுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து மாறுவது ஒன்றுதான், எடை. என் எடை எங்கே விழுகிறது? இடது மூலையில். அதன் கீழே என்ன இருக்கிறது? பேட்டரி.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் ஏறினாலும் சில நாள் கிளம்பியதே, அது ஏன்? அண்ணியோடு சண்டை இல்லாத நாளில் நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, அண்ணனோடு பேசிக்கொண்டே போவேன். சண்டை போட்ட நாளில் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிடுவேன். வீட்டில் சண்டை நடந்த நாளெல்லாம் கார் நின்றது என்று அண்ணியே ஒருதடவை சொல்லியிருக்கிறாள், என் வயிற்றெரிச்சல் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டு.

தங்கச்சி அப்போது கல்யாணத்துக்காக வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் அண்ணியும் தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளை என் மூலையில் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, நான் குமிழை இழுத்தேன். டிக். எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் தங்கச்சி முகம் வெளுத்துப்போய் இருக்கிறாள்.

"அக்கா, நீ இழுத்ததாலதான்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிஸிக்ஸில் ஃபர்ஸ்ட் கிளாஸ்! கோபப்படாமல், "சரி, நான் காருக்குப் பக்கத்திலேயே வரல" என்றேன். அண்ணன் அடுப்பு பூசுவதற்காகத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த களிமண் ஒரு மூட்டை பின்பக்கம் கிடந்தது. ரெண்டு பேரும் அதைத் தரதரவென்று இழுத்துவந்து, மூச்சு வாங்கத் தூக்கி, என் மூலையில் சாய்த்து வைத்தோம். என் கனம் இருக்கும், முகம்கூட என்னைவிட ஒன்றும் மோசமில்லை. நான் தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். தங்கச்சி குமிழை இழுத்தாள். கையை ஆட்டிக் கிளம்பவில்லை என்று காட்டினாள். மூட்டையைப் பக்கத்தில் தள்ளிவிட்டு இழுத்தாள், இன்ஜின் சத்தம் எனக்கு அங்கே கேட்டது. மறுபடி மூட்டை, மறுபடி கிளம்பவில்லை. அவள் காரைவிட்டு இறங்கி என்னைப் பார்த்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, ஒன்னால இல்லக்கா!" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கல்யாணத்தில் அவள் பக்கத்தில் நிற்கப்போகிறேன் என்று அப்போதே முடிவாகிவிட்டதாக நினைத்தேன்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். பெரிய பேட்டரி, அதற்கடியில் பலகை, ரெண்டும் சேர்ந்து சீட்டின் கீழ்க்கம்பி வரைக்கும் உயர்ந்திருந்தது. தடித்த வயரைப் பேட்டரியின் முனையில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் லொடலொடவென்று இருந்தது. யாராவது சாய்ந்து உட்கார்ந்தால் கம்பி வயரை அழுத்தும், கிளாம்ப் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பட்டும் படாமலும் ஒரு தொடல். விளக்குக்கும் ஹாரனுக்கும் அது போதும். செல்ஃபுக்கு ஏராளமான கரண்ட் வேண்டும், அதற்குப் போதாது. எழுந்துவிட்டால் கிளாம்ப் பழையபடி உட்கார்ந்துகொள்ளும். கம்பி உரசிய இடத்தில் கிளாம்ப்பின் ஈயம் பளபளவென்று தேய்ந்திருந்தது. எத்தனை தடவை இந்தச் சீட்டைத் தூக்கியிருப்பார்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

சாயங்காலம் நண்பர் கூட்டம் வந்தது. அவர்கள் எதிரிலேயே மூட்டையை வைத்து அண்ணனை இழுக்கச் சொன்னேன். டிக். எடுத்தேன், கிளம்பியது. மூன்றாவது தடவைக்குச் சூளைப் பிரிவுக்காரர் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டார். அக்கவுன்ட்ஸ்காரர் பேய்முழி முழித்தார். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நானும் பேட்டரிப் பக்கந்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். அவருக்கு வெட்கம் என்பதே கிடையாது.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம் என்று நானே உட்கார்ந்தேன். பலகையை உருவினேன். துருவைச் சுரண்டித் தகட்டின் மேல் பேட்டரியை நேராக வைத்தேன். டெர்மினலைப் பிளேடால் வெள்ளையாகும் வரை சுரண்டி, கடையிலிருந்து சரியான அளவில் கிளாம்ப் வாங்கிவரச் சொல்லி, ஸ்பேனரால் இறுக்கினேன். அதன் மேல் சைக்கிள் டயரில் ஒரு துண்டை வெட்டி மூடினேன். புடவையில் ஆசிட் தெறித்து ஓட்டை விழுந்தது. சீட்டைப் போட்டு, நானே அந்த மூலையில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு, முடிந்தமட்டும் அழுத்திச் சாய்ந்து உட்கார்ந்தேன். அண்ணன் இழுத்தார். ஒரே இழுப்பு. மறுநாளும் ஒரே இழுப்பு. அப்புறம் அந்தக் கார் ஒரு நாளும் நிற்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், "சேத்தியாத்தோப்புல பேசிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் செருப்பைத் தேடினார். காலில்தான் இருந்தது. "காரு சரியாயிடுச்சு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவங்ககிட்ட போயி என்னான்னு சொல்றது? பேட்டரி, கிளாம்பு, களிமண்ணு மூட்டைன்னா அவங்களுக்குப் புரியுமா? வூட்ல இருக்கற அழுக்க நாமளே எடுத்து வெளிய போட்ட மாரி ஆயிடும்."

"காரு சரியானா நானே பேசுறேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். இத்தினி நாளு ஓடுது. அன்னிக்கின்னு பாத்து நின்னுட்டா? நிக்காதுன்னு எழுதித் தர முடியுமா உன்னால?"

நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் போய்விட்டார். நிற்கும்போது நான் காரணம். ஓடும்போது இன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான். இந்த மூளைக்கு முன்னால் எந்தச் சோதனையைக் கொண்டுவந்து வைப்பது? எனக்கு அண்ணன் மேல் இருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் அன்றோடு போயிற்று. யார் தடுத்தாலும் போவது என்று முடிவு செய்தேன். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்கு பஸ் இல்லையா? கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்களா, அதையும் பார்க்கலாம் என்று இருந்தேன். தங்கச்சி என் பக்கம் இருக்கும்போது இவர்கள் யார்? பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கச்சி வந்தாள். கையில் மருதாணி, காய்வதற்காக விரலை விரித்துப் பிடித்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, நான் சொன்னா நீ கேப்பதான?"

"சொல்லு."

"கண்ணால பாத்தேன், மூட்டைய நான்தான் வச்சேன். எனக்குத் தெரியாதா? உம்மேல ஒண்ணும் இல்லக்கா." காயாத மருதாணியை ஊதிக்கொண்டாள். "ஆனா நான் போயி வாழப்போற வூடு. நாளைக்கு அங்க யாருக்காவது தலவலி வந்தாக்கூட ஒன்னச் சொல்லுவாங்க, என்னையும் சொல்லுவாங்க. எனக்கே மனசுல ஒரு மூலையில பயமா இருக்குதுக்கா. தாலி ஏறுற வரைக்கும் மட்டும் நீ வராம இருந்துடேன். மறுநாளு மொத பஸ்ஸுல வந்துடு."

நான் எல்லோருக்கும் பதில் வைத்திருந்தேன். அண்ணனுக்கு, அண்ணிக்கு, தாய்மாமனுக்கு, பார்க்காத அந்த மாமியாருக்குக்கூட. இவளும் கேட்பாள் என்று நினைக்கவே இல்லை. மருதாணி கலைந்துவிடப்போகிறது என்று அவள் கையை மெதுவாகத் தள்ளிவைத்தேன். "சரி" என்றேன். புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அன்றைக்கு அழுதது போல் நான் என் அப்பா சாவுக்குக்கூட அழுததில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் கார், அதன் மேல் மாலை. அண்ணன் ஓட்டும் இடத்தில், அண்ணி முன்சீட்டில், பின்னால் வலப்பக்கம் சீர்த்தட்டுகள். கதவு திறக்கும் பக்கம் ஒன்றுதான் என்பதால் தங்கச்சி இடப்பக்கம் ஏறி அந்த மூலையிலேயே உட்கார்ந்தாள். நகையும் பட்டும் மாலையுமாக நன்றாகப் பின்னால் சாய்ந்தாள். தெருவில் அண்ணனின் நண்பர்கள் எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தள்ளத் தயாராக நின்றார்கள். என்னை வாசலுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளறை ஜன்னலின் ஒரு கதவைச் சாத்திவிட்டு அதன் பின்னால் நின்றேன்.

அண்ணன் சாமி கும்பிட்டுக்கொண்டு குமிழில் கையை வைத்தார். எனக்கு ஒரே ஒரு டிக் வேண்டும் போல இருந்தது. நான் இல்லாதபோது, அவள் உட்கார்ந்திருக்கும்போது, இவர்கள் அத்தனை பேர் முன்னாலும், ஒரே ஒரு தடவை. வெட்கத்தை விட்டு வேண்டிக்கொண்டேன். ஆனால் நான் நன்றாக வேலை செய்திருந்தேன். கிளாம்ப்பை முடிந்தமட்டும் இறுக்கியிருந்தேன்.

கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. நண்பர்கள் கை தட்டினார்கள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே அண்ணியின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாத்தீங்களா? அவ இல்லன்னா எப்பிடி கெளம்புது!"